திடீரென்று கிளம்பும் ஓரிரவுப் பாறையேற்றம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலை ஆறு மணிக்கு நண்பரிடமிருந்து அழைப்பு வருகிறது. வானம் தெளிந்திருக்கிறது, மறுநாள் இருவருக்கும் விடுமுறை, இன்றிரவே கிளம்பிப் பாறைக்குப் பக்கத்தில் படுத்துறங்கிவிட்டு விடிந்ததும் ஏறத் தொடங்கலாமா என்று அவர் கேட்கிறார். பாறையேற்றத்தில் எனக்கு வாய்த்த நல்ல நாள்களில் பல இப்படி எதிர்பாராமல் அமைந்தவைதாம். ஆகவே இத்தகைய பயணங்களைத் தவிர்க்கச் சொல்ல நான் இதை எழுதவில்லை. முடிவு திடீரென்று வரலாம். கயிறு பிடிக்கும் திறனும் முடிச்சுப் போடும் பழக்கமும் அப்படி வருவதில்லை. நேரம் குறைவாக இருக்கும்போது எதையாவது குறைத்துத்தான் ஆக வேண்டும் என்பதால், எதைக் குறைப்பது என்பதே இந்தப் பயணத்தின் முதன்மையான கேள்வியாகிறது. ஏறும் வழிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அவற்றின் கடினத்தைக் குறைக்கலாம், போகும் தூரத்தைக் குறைக்கலாம். உறக்கத்தையும் சரிபார்ப்பையும் மட்டும் குறைக்கக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்: கடினமான வழியை விட மனமில்லாமல், இரவு உறக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

சம்மதம் சொல்வதற்கு முன் பத்து நிமிடம்

பையை எடுப்பதற்கு முன்பாகவே நண்பரோடு சில விஷயங்களை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். முதலாவது, உங்கள் இருவரில் ஒருவராவது வெளிப்புறப் பாறையில், பயிற்றுநர் துணையின்றி, பாதுகாப்பாக ஏறி இறங்கிப் பழகியவரா என்பது. உள்ளரங்கச் சுவரில் பல மாதம் ஏறியவருக்குக் கைவலிமையும் கால்நுட்பமும் இருக்கும். ஆனால் அங்கே உச்சியில் கயிறு தொங்கும் ஆங்கரை, அதாவது கயிற்றைத் தாங்கும் பிடிமான அமைப்பை, வேறொருவர் அமைத்து, வேறொருவர் சரிபார்த்திருப்பார். வெளிப்பாறையில் அந்த ஆங்கரை நீங்களே அமைக்க வேண்டும், அதை மதிப்பிடவும் தெரிந்திருக்க வேண்டும். இருவருமே இதில் புதியவர்கள் என்றால் கயிறு கட்டி ஏறும் திட்டத்தை அன்றிரவு கைவிட்டு, பயிற்றுநரோ அனுபவமுள்ள தோழரோ உடன்வரும் ஒரு நாளுக்கு அதை ஒத்திவையுங்கள். இந்த ஒரு நிபந்தனையில் நான் எந்தத் தளர்வும் காட்டமாட்டேன்.

இரண்டாவது, பிலே கொடுப்பது, அதாவது ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்துக் காப்பது, இருவருக்கும் தெரிய வேண்டும். ஒருவர் தேர்ந்தவராகவும் மற்றவர் முற்றிலும் புதியவராகவும் இருந்தால், தேர்ந்தவர் ஏறும்போது அவர் உயிர் புதியவரின் கையில்தான் இருக்கும். பயணத்தின் உற்சாகத்தில் இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பிலே கற்றுக்கொள்ளும் இடம் தரையை ஒட்டிய பாதுகாப்பான சூழல்; பத்து மீட்டர் உயரத்தில் நண்பர் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதைப் பழகக் கூடாது.

மூன்றாவது, இருவரும் இன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு சோர்வாக இருக்கிறீர்கள் என்பது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் எதிர்வினைத் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் திறனுக்கு ஒப்பாகக் குறைகிறது என்று உறக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் இரவு பத்து மணிக்கு அந்த நிலையை அடைந்துவிடுகிறார். எனவே வண்டி ஓட்டப்போவது யார், எத்தனை மணிக்குள் போய்ச் சேர முடியும் என்பதைக் கணக்கிட்டு, நள்ளிரவைத் தாண்டும் என்றால் பக்கத்திலுள்ள வேறு பாறையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது நன்றாக உறங்கி விடியற்காலையில் கிளம்புங்கள்.

பாறையைத் தேர்ந்தெடுத்தல்

திடீர்ப் பயணத்துக்கு ஏற்ற பாறை, உங்களில் ஒருவர் ஏற்கெனவே ஏறிய பாறை. புதிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் இன்பம் பெரியதுதான். ஆனால் அதற்கு வழிகாட்டிப் புத்தகத்தைப் படிக்கவும், நடைபாதையைத் தெரிந்துகொள்ளவும், ஏறவும் இரவு தங்கவும் அனுமதி உண்டா என்று விசாரிக்கவும் நேரம் வேண்டும். தெரிந்த பாறை என்றால் வண்டியை எங்கே நிறுத்துவது, இருட்டில் எந்த வழியாக நடப்பது, எந்தப் பக்கத்தில் காலை வெயில் விழும் என்பதெல்லாம் கைக்குள் இருக்கும். நடை அரை மணிக்குள் முடிவதாகவும், மேலே சுற்றுப்பாதையில் நடந்து சென்று ஆங்கர் அமைக்கக்கூடியதாகவும் அந்தப் பாறை இருந்தால் இன்னும் நல்லது. அத்தகைய இடத்தில் டாப் ரோப் முறையில், அதாவது கயிறு எப்போதும் தலைக்கு மேலிருந்து வருமாறு வைத்து ஏறலாம். புதியவர் தவறிவிட்டாலும் சிறிதளவே இறங்கி நின்றுவிடுவார்.

கடினத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் வழங்கும் யோசெமிட்டி முறையில் கயிற்று ஏற்றங்கள் 5.0 முதல் 5.15 வரை எண்ணிடப்பட்டு, 5.10-இலிருந்து a, b, c, d என்ற எழுத்துகளால் மேலும் பிரிக்கப்படுகின்றன. பிரெஞ்சு முறையில் 5, 6a, 6b எனப் போகும். எந்த முறையானாலும், உள்ளரங்கில் நீங்கள் வசதியாக ஏறும் நிலைக்கு இரண்டு படி கீழே தொடங்குங்கள். வெளிப்பாறையில் வண்ணம் பூசிய பிடிகள் கிடையா. கால் வைக்கும் இடத்தைக் கண்ணால் தேடிக் கண்டறிவதே பாதி உழைப்பு. தரப்படுத்தலும் இடத்துக்கு இடம் மாறும். பழைய தளங்களில் ஒரே எண் கூடுதல் கடினமாக இருப்பதை ஏறுபவர்கள் எல்லோரும் அனுபவித்திருப்பார்கள்.

பாறையின் உயரத்தையும் கயிற்றின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கீழே நின்று பிலே கொடுக்கும்போது கயிறு மேலே போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால், 60 மீட்டர் கயிற்றால் ஏறக்கூடிய உயரம் ஏட்டுக்கணக்கில் 30 மீட்டர். முடிச்சுகளுக்கும் பிலேயர் நிற்கும் தூரத்துக்கும் கழித்தால் அதற்கும் குறைவு. கயிற்றின் முனை பிலே கருவி வழியாக நழுவி, இறங்கிக்கொண்டிருப்பவர் கீழே விழும் விபத்து, அனுபவமுள்ளவர்களுக்கும் நேர்ந்துகொண்டே இருக்கிறது. கயிற்றின் தரைப்பக்க முனையில் ஒரு தடுப்பு முடிச்சைப் போட்டுவிட்டால் இந்த விபத்து நடக்கவே முடியாது. பாறை பத்து மீட்டர் உயரம்தான் என்று தெரிந்தாலும் அதைப் போடுங்கள், பழக்கமாகிவிடும்.

மழையைப் பற்றி ஒரு குறிப்பு. இன்று வானம் தெளிவாக இருந்தால் போதாது. கடந்த இரண்டு மூன்று நாள்களில் அங்கே மழை பெய்ததா என்றும் பார்க்க வேண்டும். மணற்பாறை நீரை உறிஞ்சினால் அதன் துகள்களைப் பிணைக்கும் பொருள் இளகி, பாறை கணிசமாக வலுவிழக்கிறது; மேற்பரப்பு காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். அந்நிலையில் ஏறினால் பிடிகள் உடையும், பாறையில் துளையிட்டுப் பதித்த போல்ட்டுகளின் பிடிப்பும் தளரும், பிறகு வருபவர்களுக்கு அந்த வழியே இல்லாமல் போகும். கருங்கல் பாறை விரைவாகக் காயும், ஈரத்தால் அவ்வளவு வலுவிழப்பதும் இல்லை. இடிமழை வரும் அறிகுறி இருந்தால் எந்தப் பாறைக்கும் போகாதீர்கள்.

கயிறும் கருவிகளும்

கிளம்பும் அவசரத்தில் பையைத் திணிப்பதே வழக்கம். அதற்குப் பதிலாக, தரையில் ஒரு விரிப்பைப் போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பி வையுங்கள். இல்லாத பொருள் அப்போதுதான் கண்ணில் படும். ஒருவருக்கு ஒரு ஹார்னஸ் (இடுப்பிலும் தொடைகளிலும் அணியும் பட்டி), ஒரு தலைக்கவசம், ஒரு ஜோடி ஏறு காலணி, ஒரு பிலே கருவியும் அதற்கான பூட்டுக் காராபினரும் (வாய் திறந்து பூட்டும் உலோக வளையம்). இருவருக்கும் பொதுவாக ஒரு டைனமிக் கயிறு, ஆங்கர் அமைக்கத் தேவையான ஸ்லிங்குகள் எனும் துணிப்பட்டை வளையங்கள், குறைந்தது நான்கு பூட்டுக் காராபினர்கள். லீட் முறையில், அதாவது கயிற்றைக் கீழிருந்து தன்னோடு கொண்டுபோய் வழிநெடுகப் பாறையில் மாட்டிக்கொண்டே, ஏறத் தெரிந்தவர் வந்தால், அப்படிக் கயிற்றை மாட்ட அந்த வழிக்குத் தேவையான குயிக்டிரா இணைப்புகளும், அவற்றுக்கு மேல் இரண்டும்.

கயிறு டைனமிக் வகைதானா என்பதை உறுதிசெய்யுங்கள். விழுபவரின் வேகத்தைத் தன் இழுவையால் உள்வாங்கிக்கொள்ளுமாறு அந்த வகை செய்யப்படுகிறது. ஒற்றைக் கயிற்றுக்கான சோதனையில் 80 கிலோ எடையைக் கடுமையாக விழச்செய்து, முதல் வீழ்ச்சியில் உண்டாகும் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்றும், அத்தகைய வீழ்ச்சிகளில் குறைந்தது ஐந்தையாவது அறுபடாமல் தாங்க வேண்டும் என்றும் பார்க்கிறார்கள். இழுவை குறைந்த ஸ்டேட்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு லீட் ஏறினால், விழும்போது அந்த அதிர்ச்சி முழுவதும் உடம்பின்மீதும் ஆங்கரின்மீதும் இறங்கும். கடையில் வாங்கும் சாதாரணக் கயிறு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

கயிற்றைச் சோதிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, இருந்தும் பலர் செய்வதில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, முழுக் கயிற்றையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல இழுத்து விடுங்கள். நல்ல கயிறு ஒரே சீராக ஓடும். ஓரிடத்தில் உள்ளே வெறுமையாக இருப்பதுபோல விரல் அமுங்கினாலோ, கட்டியாகத் தட்டுப்பட்டாலோ, அந்த இடத்தை வளையமாக மடித்துப் பாருங்கள். மற்ற இடங்களைப் போல உருண்டையாக வளையாமல் கூர்மையாக மடிந்தால் உள்ளிருக்கும் கருத்திரி சேதமடைந்திருக்கக்கூடும். மேலுறை கிழிந்து வெள்ளைத் திரி தெரிந்தால் அன்று அந்தக் கயிறு வராது. வண்டியின் பின்பெட்டியில் மின்கல அமிலம் சிந்திய இடத்தில் கிடந்த கயிற்றையும் நம்பக் கூடாது. அமிலம் நைலானை அரித்துவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கும்.

ஹார்னஸில் இடுப்புப் பட்டியிலும் கால் வளையங்களிலும் கயிறு உராயும் இரு கட்டுமிடங்களைப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் முதலில் தொடங்கும். காராபினரின் முதுகில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். நீளவாக்கில் தாங்கும் விசை பொதுவாக 20 கிலோநியூட்டனுக்கு மேல் இருக்கும். குறுக்குவாக்கிலும் வாய் திறந்த நிலையிலும் அது 7 முதல் 10 வரையே. வாயைப் பூட்டுவதும், குறுக்கே திரும்பாமல் கவனிப்பதும் ஏன் அவ்வளவு வலியுறுத்தப்படுகின்றன என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். இரவல் வாங்கிய கருவி என்றால் அதன் வயதையும் வரலாற்றையும் கேளுங்கள். துணியாலான கருவிகளுக்குப் பயன்படுத்தாவிட்டாலும் பத்தாண்டுதான் உச்சவரம்பு என்று தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

இரவுக்கான பொருள்கள்

ஒருவருக்கு ஒரு தலைவிளக்கு, அதற்கு மாற்று மின்கலங்கள். கைபேசி வெளிச்சம் போதும் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். இரு கைகளும் வேண்டிய வேலையில் அது பயன்படாது, அவசரத்தில் அழைக்க வேண்டிய கருவியின் மின்னூட்டமும் தீரும். உறக்கத்துக்குப் பலரும் கனமான உறக்கப்பையைத்தான் தேடுவார்கள்; உண்மையில் அடியில் போடும் விரிப்பு அதைவிட முக்கியம். உடம்பின் எடையால் பையின் அடிப்பகுதி நசுங்கிவிடுவதால், தரை உடலின் சூட்டை உறிஞ்சுவதைத் தடுப்பது விரிப்புதான். ஒருவருக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர், சமைக்கத் தேவையில்லாத உணவு, ஒரு கனமான மேலாடை, சிறிய முதலுதவிப் பெட்டி, ஊதல், மழைக்கான மேலுறை, கழிவு கொண்டுவரும் பை. மலங்கழிக்க நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டருக்கு அப்பால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பிறகு மூடிவிடலாம். அதற்கென ஒரு சிறு மண்வாரி எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் ஒருவர்

உடன் வராத ஒருவரிடம் நான்கு விவரங்களை எழுத்தில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்: எந்தப் பாறை, அதன் எந்தப் பக்கம், வண்டி நிற்கும் இடம், நாளை எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து செய்தி வர வேண்டும். கடைசி விவரம்தான் பெரும்பாலும் விடுபடும். “மதியம் வந்துவிடுவோம்” என்று பொதுவாகச் சொன்னால், மூன்று மணிக்குக் கவலைப்படுவதா ஆறு மணிக்குக் கவலைப்படுவதா என்று அவருக்குத் தெரியாது. “மாலை நான்கு மணி வரை செய்தி வராவிட்டால் எங்களை அழை, ஐந்து மணிக்கும் பதில் இல்லையென்றால் மீட்புப் பணியினரை அழை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாறைப் பகுதிகளில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காமல் போவது மிகச் சாதாரணம். அப்போது உங்களைத் தேடத் தொடங்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இரவில் சென்று சேர்தல்

போய்ச் சேர்ந்ததும் நிலவொளியில் பாறை அழகாகத் தெரியும், ஒரே ஒரு சிறிய வழியை இப்போதே ஏறிப் பார்க்கலாம் என்று இருவரில் ஒருவருக்குத் தோன்றும். வேண்டாம். தலைவிளக்கின் ஒளி ஒரே திசையிலிருந்து விழுவதால் பிடிகளின் நிழல் இடம்மாறும், ஆழம் தெரியாது, பிலேயர் தலையை உயர்த்தினால் ஏறுபவரின் கண் கூசும், களைப்பிலோ சரிபார்ப்பு அரைகுறையாகும். இரவு உறங்குவதற்கானது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்குமிடத்தைப் பாறைச் சுவரின் நேர் அடியில் தேர்ந்தெடுக்காதீர்கள். வெப்பம் மாறும்போதும், விலங்குகள் மேலே நடக்கும்போதும் தளர்ந்த கற்கள் தாமாகவே விழும். தரையில் புதிதாக உடைந்த வெளிர்நிறச் சில்லுகள் கிடந்தால் அந்த இடத்தில் கல் விழுகிறது என்று பொருள். வறண்ட ஓடைப்படுகை மணல் மெத்தென்று இருந்தாலும் அதில் படுக்கக் கூடாது, ஏனென்றால் எங்கோ மேலே பெய்யும் மழை அங்கே வெள்ளமாக வந்துசேரும். பட்டுப்போன கிளைகள் தொங்கும் மரத்தடியையும் தவிர்க்க வேண்டும். உணவை இறுக மூடி, படுக்கையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, காலணிகளைக் கவிழ்த்து வைத்துப் படுங்கள். காலையில் அவற்றை உதறிய பிறகே கால் நுழைக்க வேண்டும்.

காலையில், முதல் ஏற்றத்துக்கு முன்

விடிந்ததும் அவசரப்படாமல் கால் மணி நேரம் பாறையைக் கீழிருந்து பாருங்கள். வழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் எங்கே நின்று இளைப்பாறலாம், தேன்கூடோ பறவைக்கூடோ இருக்கிறதா, தளர்ந்த கல் எங்கே துருத்திக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் விரலால் சுட்டிக்காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். பாறையடிக்குப் போகும்போதே தலைக்கவசம் அணிந்துவிட வேண்டும்; கல் பெரும்பாலும் கீழே நிற்பவர்மீதுதான் விழுகிறது.

ஆங்கரை அமைக்கும் பொறுப்பு அனுபவமுள்ளவருடையது. ஆனால் புதியவரும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று போனாலும் மற்றொன்று தாங்குமாறு குறைந்தது இரண்டு தனித்தனி உறுதியான பிடிமானங்கள் இருக்க வேண்டும். அவற்றிலிருந்து வரும் ஸ்லிங்குகளின் இடைக்கோணம் 60 பாகைக்குள் இருந்தால் சுமை நன்றாகப் பகிரப்படும். 120 பாகைக்கு விரிந்துவிட்டால் ஒவ்வொரு பிடிமானமும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். கயிறு ஓடும் இடத்தில் உலோகம் இருக்க வேண்டும், அதாவது வாய்கள் எதிரெதிராக வைத்த இரண்டு பூட்டுக் காராபினர்கள். கயிற்றை நேராக ஸ்லிங்கின் வழியாக ஓடவிட்டு ஒருவரை இறக்கினால், உராய்வின் சூட்டில் ஸ்லிங் உருகி அறுந்துவிடும். நைலான் 220 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலேயே உருகத் தொடங்குகிறது, டைனீமா என்ற செயற்கை இழையாலான ஸ்லிங்குகளோ 150-ஐ எட்டுவதற்கு முன்பே உருகிவிடும். மேலே விளிம்பில் நின்று ஆங்கர் அமைப்பவர் தானும் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இனி முடிச்சு. கயிற்று முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு கை நீளம் விட்டு ஓர் எட்டு வடிவ முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். முனையை ஹார்னஸின் கீழ்க் கட்டுமிடத்தின் வழியாகவும் மேல் கட்டுமிடத்தின் வழியாகவும் செலுத்தி, முதல் முடிச்சின் தடத்தையே அடிபிசகாமல் பின்தொடர்ந்து திரும்பி வரச் செய்யுங்கள். சரியாக வந்தால் ஐந்து இணைகளாகக் கயிறுகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஒவ்வோர் இழையையும் தனித்தனியே இழுத்து இறுக்கிய பிறகு, மீந்திருக்கும் வால் மூடிய கையின் அகலமாவது இருக்க வேண்டும்.

அதன்பின் ஒருவர் மற்றவரைச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் உங்களையே சரிபார்த்துக்கொண்டது இதற்கு ஈடாகாது. சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு திடீர்ப் பயணத்தின் காலையில், நான் முடிச்சின் முதல் பாதியைப் போட்டு முனையை ஹார்னஸில் நுழைத்திருந்த நேரத்தில், எங்களுக்குத் தண்ணீர் எங்கே வைத்தோம் என்ற பேச்சு எழுந்தது. புட்டியைத் தேடி எடுத்துக் குடித்துவிட்டுப் பாறையை நோக்கித் திரும்பினேன், கை முதல் பிடியைப் பற்றியும்விட்டது. தோழர் என்னைத் திருப்பி, முடிச்சின்மேல் தன் விரலை வைத்து எண்ணினார். இரண்டுக்கு மேல் எண்ண இழை இல்லை. முனை வெறுமனே நுழைந்து தொங்கிக்கொண்டிருந்தது. முந்தைய இரவில் மூன்று மணி நேரம்தான் உறங்கியிருந்தோம். அன்று முதல், முடிச்சைத் தொடங்கினால் முடிக்கும் வரை வாய் திறப்பதில்லை என்பது எங்களுக்குள் விதியாகிவிட்டது.

இது புதியவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. உலகின் தலைசிறந்த பாறையேற்ற வீராங்கனைகளில் ஒருவரான லின் ஹில், 1989-இல் பிரான்சில் முடிச்சை முடிக்காமலேயே ஏறி, உச்சியில் கயிற்றில் சாய்ந்தபோது 20 மீட்டருக்கும் மேல் விழுந்தார். மரக்கிளைகள் வேகத்தைத் தணித்ததால் உயிர் பிழைத்தார். அவரேதான் 1993-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள எல் கேப்பிட்டன் என்னும் பெரும்பாறையின் நோஸ் வழியை, கருவிகளைப் பிடித்து ஏறாமல், கைகால்களால் மட்டுமே ஏறி முடித்த முதல் மனிதர்.

சரிபார்க்கும்போது வெறும் பார்வையோடு நின்றுவிடாமல் தொட்டுப் பாருங்கள். ஏறுபவரின் இடுப்புப் பட்டை வாரைப் பிடித்து இழுங்கள், முடிச்சின் இழைகளை எண்ணுங்கள், அது இரு கட்டுமிடங்களிலும் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிலேயரின் கருவியில் கயிறு சரியான திசையில் போயிருக்கிறதா என்று ஒருமுறை வெடுக்கென இழுத்துப் பாருங்கள், காராபினரின் பூட்டை அழுத்திப் பாருங்கள், கயிற்று முனையில் தடுப்பு முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வோர் ஏற்றத்துக்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும், எட்டாவது ஏற்றமானாலும்.

ஏறும்போதும் இறங்கும்போதும்

பிலேயருக்கு ஒரே ஒரு சட்டம்: தடுக்கும் கை கயிற்றை விட்டு எக்காரணம் கொண்டும் விலகக் கூடாது. கொசு கடித்தாலும், கண்ணாடி நழுவினாலும் அந்தக் கை அங்கேயே இருக்கும். தானாகத் தடுக்கும் கருவி வைத்திருந்தாலும் இது மாறாது. ஏறுபவர் உங்களைவிட மிகவும் கனமானவர் என்றால் அவர் விழும்போது நீங்கள் மேலே இழுக்கப்படுவீர்கள். பாறையை ஒட்டி, உறுதியான நிலையில் நில்லுங்கள், தேவையானால் தரையிலுள்ள பிடிமானத்தோடு உங்களைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பேசும் சொற்களைத் தரையில் இருக்கும்போதே முடிவுசெய்யுங்கள். “ஏறுகிறேன்”, “தளர்த்து”, “இறுக்கு”, “பிடித்துக்கொள்”, “இறக்கு” என ஐந்தாறு சொற்கள் போதும்; ஒவ்வொன்றுடனும் நண்பரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கத்து வழியில் ஏறுபவரின் “இறக்கு” உங்கள் காதில் விழக்கூடும். உச்சியை அடைந்ததும் ஏறுபவர் கயிற்றில் சாய்வதற்கு முன் “பிடித்துக்கொள்” என்று சொல்லி, பதில் கேட்டு, கயிறு இறுகியதை உணர்ந்த பிறகே கையை விட வேண்டும். அவர் தன்னைக் கட்டிக்கொண்டு தானே இறங்கப்போகிறார் என்று பிலேயரும், பிலேயர் இறக்குவார் என்று அவரும் தனித்தனியே எண்ணிக்கொண்டதால் நேர்ந்த மரணங்கள் பல. ஆங்கரைக் கழற்றிவிட்டு இறங்கும் வேலையைப் புதியவர் இந்தப் பயணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அனுபவமுள்ளவர் மேலே நடந்துபோய் அவிழ்த்து வரட்டும்.

ஏறும் நுட்பத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். கைகளை மடக்கித் தொங்காமல் நீட்டி வைத்துக்கொண்டு, எடையைக் கால்களுக்குக் கொடுங்கள். கால் வைக்கும் இடத்தைக் கால் பதியும் வரை பார்த்துக்கொண்டே இருங்கள். பயம் வந்தால் அதைக் கீழே இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கயிற்றை இறுக்குவார், நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் தொடங்கலாம்.

நிறுத்தும் நேரம்

கடைசி ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதை முதல் ஏற்றத்துக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். பொழுது சாய்வதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அறிய, கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையில் எத்தனை விரல்கள் அடங்குகின்றன என்று பாருங்கள்; ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிடம். ஆனால் ஓரிரவுப் பயணத்தில் சூரியனுக்கு முன்பே உடல் சாய்ந்துவிடும். ஏற்கெனவே எளிதாக ஏறிய வழியில் கால் நழுவுவது, முடிச்சை இரண்டு முறை போட நேர்வது, சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வருவது, இவை மூன்றும் நான் கவனிக்கும் அடையாளங்கள். இருவரில் ஒருவர் போதும் என்றால் போதும். அவர் காரணம் சொல்லத் தேவையில்லை, மற்றவர் வற்புறுத்தவும் கூடாது.

மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிகளுக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே இறங்கி, உலோகக் கருவிகளை ஓரிடத்தில் வைத்துவிட்டு, உச்சியிலிருந்தும் தனிமரங்களிலிருந்தும் விலகி வண்டிக்குள் போய் உட்காருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை பாறைக்குத் திரும்பாதீர்கள்.

யாராவது விழுந்து அடிபட்டால், தலையிலோ கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால் அசைக்காமல், குளிராமல் மூடி, உதவியை அழையுங்கள். சமிக்ஞை இல்லாத இடத்தில் ஊதலால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை ஊதுவது மலைப்பகுதிகளில் வழங்கும் அபாய அறிவிப்பு; இரவில் தலைவிளக்கை அதே கணக்கில் மின்னச் செய்யலாம். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்கள் அழைப்பு கேட்கப்பட்டது. ஹார்னஸில் மயங்கித் தொங்குபவரை எவ்வளவு விரைவாகத் தரைக்குக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு விரைவாகக் கொண்டுவாருங்கள். அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்து.

திரும்புதல்

கிளம்பும்போது செய்ததைப் போலவே விரிப்பின்மேல் எல்லாவற்றையும் பரப்பி எண்ணிப் பையில் வையுங்கள். பாறையடியில் விட்டுவந்த காராபினரைத் தேடி மறுபடியும் அவ்வளவு தூரம் வர நேர்வது கொடுமை. குப்பையை, மற்றவர்கள் விட்டுப்போனதையும் சேர்த்து, எடுத்து வாருங்கள். பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய சுண்ணப்பொடி பாறையில் திட்டாக ஒட்டியிருந்தால் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

வண்டி எடுப்பதற்கு முன் ஓட்டுபவர் இருபது நிமிடம் கண்ணை மூடட்டும். ஏறிய கைகள் நடுங்கிக்கொண்டிருக்கும், வெயிலும் பட்டிருக்கும். முந்தைய இரவின் உறக்கக் குறைவு இப்போதுதான் வட்டியோடு வரும். மற்றவர் உறங்காமல் பேச்சுத் துணையாக இருக்க வேண்டும்.

சமிக்ஞை கிடைக்கும் முதல் இடத்திலேயே, உங்களுக்காகக் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். வீடு சேர்ந்ததும் கயிற்றை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் தளர்வாகத் தொங்கவிட்டு, தலைவிளக்கின் மின்கலங்களை மாற்றி, முதலுதவிப் பெட்டியில் தீர்ந்ததை நிரப்பி, பையைக் கதவோரம் வைத்துவிடுங்கள். அடுத்த அழைப்பும் மாலை ஆறு மணிக்குத்தான் வரும்.